போரை எதிர்த்துச் சட்டத்தை மீறியவர்களுக்கு எந்த மன்னிப்பைக் கோருவது?

போரை எதிர்த்து எழுதியதாலோ பேசியதாலோ, தடையை மீறி ஊர்வலம் சென்றதாலோ, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுப் படையை விட்டு வெளியேறியதாலோ சட்டத்தின் பிடிக்குள் வந்தவர்களுக்கு எவ்வகை நிவாரணத்தைக் கேட்பது என்பதில் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் பலர் தடுமாறி நிற்கிறார்கள். மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இழுபடும் பழைய வழக்குகளைப் பற்றியவை. கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வருபவை படையை விட்டு நீங்கியவர்களின் ஆவணங்களைப் பற்றியவை. நகரில் சட்டம் படிக்கும் இளைஞர்களோ ஒரு முன்மொழிவை வரைந்து அனுப்ப விரும்புகிறார்கள், ஆனால் அதில் எதைக் கோருவது என்று தங்களுக்குள்ளேயே உடன்பட முடியாமல் இருக்கிறார்கள். பொதுமன்னிப்பு என்ற ஒரே தலைப்பின் கீழ் விளைவுகளில் பெரிதும் வேறுபடும் பல சட்டக் கருவிகள் இருக்கின்றன என்பதும், தவறான கருவியைக் கேட்டு வாங்கிய பின் சரியானதைக் கேட்பது கடினம் என்பதும் இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம்.

முதலில் எல்லையை வரைந்துகொள்வோம். இக்கட்டுரை வன்முறையில் ஈடுபடாமல் போரை எதிர்த்தவர்களைப் பற்றியது. 2009இன் பின் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளின் நிலை வேறு. அது தனியாக எழுத வேண்டிய விடயம். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் ஆட்சேர்ப்புக்குப் பிள்ளையைக் கொடுக்க மறுத்து அல்லற்பட்ட பெற்றோரும் போரை எதிர்த்தவர்களே. ஆனால் அவர்கள் மீறியது எந்த நாட்டின் சட்டத்தையும் அல்ல என்பதால், அவர்களுக்கு உரியது மன்னிப்பும் அல்ல. அவர்களுக்கு என்ன உரியது என்பதை நம் சமூகம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

இலங்கை அரசு தன் போருக்குக் கட்டாய ஆட்சேர்ப்பை நடைமுறைப்படுத்தவில்லை. ஆகவே இத்துறையில் மிகுந்த அனுபவம் வியட்நாம் போரை நடத்திய ஐக்கிய அமெரிக்காவிலும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜேர்மனியிலும்தான் கிடைக்கிறது. அங்கு செய்யப்பட்டவற்றை நம் அரசியலமைப்பும் நீதிமன்றங்களும் இடந்தரும் வழிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இங்கு செய்யப்படுவது.

எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், நீதிமன்றத் தீர்ப்பு என்னாகிறது என்பது. தண்டனை நீங்குவதும் தீர்ப்பு நீங்குவதும் ஒன்றல்ல. வெளிநாட்டு வீசா விண்ணப்பத்தில் அல்லது அரச வேலைக்கான படிவத்தில் "நீங்கள் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீர்களா" என்று கேட்கப்படும்போது, மன்னிப்புப் பெற்றவர் என்ன எழுதுவது என்பதில் இந்த வேறுபாடு வெளிப்படுகிறது.

இரண்டாவது, யார் உள்ளே, யார் வெளியே என்பது. மூன்றாவது, பெறுபவர் ஈடாக எதைக் கொடுக்க வேண்டும் என்பது: சத்தியப்பிரமாணமா, சேவையா, குற்ற ஒப்புதலா, மேன்முறையீட்டைக் கைவிடுவதா? நான்காவது, காலம். சிறையில் இருப்பவருக்கு ஐந்து ஆண்டு கழித்து வரும் நேர்த்தியான நீதியை விட, இந்தப் போயா தினத்தில் வரும் குறைபாடுள்ள விடுதலை பெரியது.

ஐந்தாவது அளவுகோலை நம் மாவட்டத்தில் எவரும் மறக்க முடியாது: இதே கதவால் வேறு யார் நுழைவார்கள்? 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரும் 2019 ஜூலையில் சான்றுகள் போதாமையால் விடுவிக்கப்பட்டனர். அதே 2006 ஓகஸ்டில் மூதூரில் பதினேழு தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டனர். 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க நட்டஈட்டு விலக்குச் சட்டம், 1977 ஓகஸ்ட் மாத நிகழ்வுகளில் அரச அதிகாரிகள் நல்லெண்ணத்துடன் செய்த செயல்களுக்கு வழக்கிலிருந்து காப்பளித்தது. 1988இல் அக்காப்பின் காலம் நீட்டப்பட்டது. போரை எதிர்த்தவர்களுக்கு என்று திறக்கப்படும் கதவின் சொற்கள் தளர்வாக இருந்தால், போரில் பொதுமக்களுக்குத் தீங்கிழைத்தவர்களே அதில் முதலில் நுழைவார்கள் என்ற அச்சத்துக்கு இத்தகைய முன்நிகழ்வுகள் உண்டு.

தனிநபருக்கான ஜனாதிபதி மன்னிப்பு

அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை, நீதிமன்றமொன்றில் குற்றவாளியாகக் காணப்பட்டவருக்கு மன்னிப்பளிக்கவும், தண்டனையைக் குறைக்கவும், அதன் ஒரு பகுதியையோ முழுவதையுமோ தள்ளுபடி செய்யவும் ஜனாதிபதிக்கு அதிகாரமளிக்கிறது. குற்றவாளியாகக் காணப்பட்டவர் என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். விளக்கமறியலில் ஆண்டுக்கணக்கில் இருப்பவருக்கும், பிணையில் வந்து நீதிமன்றத்துக்கு ஏறி இறங்குபவருக்கும் இந்த வழி திறப்பதில்லை.

இவ்வழியின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகத்தின் வழக்கு. 2006இல் ஆங்கில மாத இதழொன்றில் போர் நடத்தப்பட்ட விதத்தை விமர்சித்து எழுதிய கட்டுரைகளுக்காக அவர் 2008 மார்ச்சில் கைது செய்யப்பட்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் அவசரகால விதிகளின் கீழும் 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி இருபது ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார். 2010 ஜனவரியில் பிணை கிடைத்தது. மே 3ஆம் திகதி, உலக ஊடக சுதந்திர தினத்தன்று, ஜனாதிபதி மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. தீர்ப்பிலிருந்து மன்னிப்பு வரை ஒன்பது மாதங்கள்கூடச் செல்லவில்லை. வேகத்தில் இதற்கு இணையான வழி வேறில்லை. ஆனால் எழுதியதைப் பயங்கரவாதமாகக் கண்ட அந்தத் தீர்ப்பு சரியானதா என்பதை மேல்நிலை நீதிமன்றம் ஆராய்ந்து சொல்லும் சந்தர்ப்பம் வராமலே போயிற்று. ஒரு மனிதரின் விடுதலை உறுதியானது. அடுத்து எழுதுபவருக்கான பாதுகாப்பு எதுவும் உறுதியாகவில்லை. இவ்வழியின் மறைமுக விலைகளில் இதுவே பெரியது என்பது என் கருத்து.

மற்றொரு விலையை மன்னிப்பு என்ன வடிவில் வருகிறது என்பது தீர்மானிக்கிறது. வாக்காளர் தகுதி பற்றிய 89ஆம் உறுப்புரை, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை அனுபவித்தவரின் தகுதியின்மை ஏழு ஆண்டுகள் தொடரும் என்றும், முழுமையான நிபந்தனையற்ற மன்னிப்பு வழங்கப்பட்டால் அந்தத் தகுதியின்மை அன்றே நீங்கும் என்றும் கூறுகிறது. முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா 2012இல் எஞ்சிய தண்டனை தள்ளுபடி செய்யப்பட்டு வெளியே வந்தார். அவரது குடியியல் உரிமைகள் 2015 ஜனவரியில் முழு மன்னிப்பு வழங்கப்பட்டபோதுதான் திரும்பின. அவரைப் போன்ற செல்வாக்குள்ளவருக்கே இரண்டு படிகள் தேவைப்பட்டன. ஆகவே மனுவில் "விடுதலை" என்று பொதுவாகக் கேட்பது போதாது; முழுமையான மன்னிப்பு என்று எழுத வேண்டும்.

மூன்றாவது விலை, யாருடன் ஒரே பட்டியலில் வருகிறோம் என்பது. 2021 ஜூன் 24, பொசன் தினத்தன்று, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட பதினாறு பேர் விடுவிக்கப்பட்டனர். அதே நாளில் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரும் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். பின்னையவரின் மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. அதற்கு முன்னர், 2020 மார்ச்சில், 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்த மரண தண்டனையிலிருந்து இராணுவ சார்ஜன்ட் ஒருவர் மன்னிக்கப்பட்டார். ஒரு மனிதரின் விருப்பத்தில் தங்கிய அதிகாரம் எவருக்கும் பயன்படலாம். 2024 தீர்ப்பின் பின் அது முற்றிலும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இல்லை என்பது ஓர் ஆறுதல்.

ஆகவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்கும், வயதானவருக்கும், நோயாளிக்கும் தயங்காமல் கோர வேண்டியது இதுவே. கொள்கையின் தூய்மைக்காக ஒருவரை இன்னொரு ஆண்டு சிறையில் வைத்திருக்க வெளியில் இருக்கும் நமக்கு உரிமையில்லை.

நிபந்தனையுடன் கூடிய பொதுமன்னிப்பு

1974 செப்டெம்பர் 16ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் வெளியிட்ட பிரகடனம் இவ்வகைக்கு முன்மாதிரி. வியட்நாம் போருக்கான ஆட்சேர்ப்பைத் தவிர்த்தவர்களும் படையிலிருந்து தப்பியோடியவர்களும் விசுவாசத்தை மீள உறுதிப்படுத்தி, இருபத்துநான்கு மாதங்கள் வரை பொதுநலச் சேவை செய்தால் வழக்கிலிருந்து தப்பலாம் என்பது அதன் சாரம். வழக்குத் தொடரப்படாத ஆட்சேர்ப்பு மறுப்பாளர்களை நீதித் திணைக்களமும், தலைமறைவான படையினரைப் பாதுகாப்புத் திணைக்களமும், ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்களை இதற்கென அமைக்கப்பட்ட கருணைச் சபையும் கவனித்தன. விண்ணப்பிக்கும் காலம் இருமுறை நீட்டப்பட்டு 1975 மார்ச் வரை சென்றது. அவ்வளவுக்குப் பின்னும் தகுதியுடையோரில் சிறுபகுதியினரே விண்ணப்பித்தனர்.

ஏன் வரவில்லை? பிரகடனத்துக்கு எட்டு நாள் முன்னர்தான் போர்ட், தமக்கு முந்திய ஜனாதிபதி நிக்சனுக்கு எந்தச் சேவையும் எந்தப் பிரமாணமும் கேட்காமல் முழு மன்னிப்பு அளித்திருந்தார். போரை நடத்தியவர்களில் ஒருவருக்கு நிபந்தனையில்லை, போரை மறுத்தவருக்கு இரண்டாண்டுச் சேவை என்ற ஒப்பீடு கனடாவில் தங்கியிருந்த மறுப்பாளர்களின் மனத்தில் உறைத்தது. சேவை செய்ய ஒப்புக்கொள்வது தாம் தவறிழைத்ததாக ஒப்புக்கொள்வதே என்று கருதி அவர்களின் அமைப்புகள் திட்டத்தைப் புறக்கணித்தன. இதற்குச் சட்ட அடிப்படையும் இருந்தது: 1915இல் பேர்டிக் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம், மன்னிப்பை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகப் பொருள்படும் என்று கூறியிருந்தது. சேவையை முடித்த படையினருக்குக் கொடுக்கப்பட்ட விலகல் சான்றிதழும் தனியொரு பெயரில் அமைந்திருந்ததால், அதைப் பார்க்கும் எந்த வேலைகொடுப்போருக்கும் கதை முழுவதும் தெரிந்துவிடும். முன்னாள் படையினருக்குரிய நலன்களும் அதனால் கிடைக்கவில்லை.

நிபந்தனையை வைத்துத் தனித்தனியாக ஆராயும் எந்தச் சபையும் கஞ்சத்தனமாகவே முடியும் என்பதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த பொதுமன்னிப்புச் சபை 15,805 வழக்குகளை ஆராய்ந்தது. 1947 டிசம்பரில் மன்னிப்புக் கிடைத்தது 1,523 பேருக்கு. பத்தில் ஒருவருக்கும் குறைவு.

நம் நாட்டில் இவ்வகைக்கு அண்மையில் இருப்பது படையை விட்டுத் தப்பியோடியவர்களுக்கான பொதுமன்னிப்புக் காலம். 2022 நவம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரையும், 2024 ஏப்ரல் 2 முதல் 20 வரையும் இப்படியான காலங்கள் அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்னும் பல. குறித்த நாளுக்குள் முறையாக விண்ணப்பித்தவர் சட்டபூர்வமாக விலகியவராகலாம். இங்கு பிரமாணமோ மாற்றுச் சேவையோ கேட்கப்படுவதில்லை, ஏன் ஓடினாய் என்ற விசாரணையும் பெரிதாக இல்லை. இவ்வளவு தாராளம் ஏன் என்று யோசித்தால், பெயர்ப்பட்டியலைச் சுத்தப்படுத்துவது படைக்கும் வசதி என்பது புலப்படும். அரசுக்கு நிர்வாக வசதி இருக்கும் இடத்தில் மன்னிப்பு எளிதாகவும், கருத்துக் குற்றத்தில் அது அரிதாகவும் இருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி சிறந்தது யாருக்கு? கொலையை மறுத்தோ, பயத்திலோ, குடும்ப வறுமையிலோ படையை விட்டு வந்து, சீரான அடையாள ஆவணங்களும் கடவுச்சீட்டும் மட்டுமே வேண்டும் என்றிருப்பவருக்கு. அவர் தன் நிலைப்பாட்டை நிரூபிக்க விரும்பவில்லை, வேலை தேட விரும்புகிறார். கால எல்லையைத் தவறவிடாமல் இருப்பதே அவர் கவனிக்க வேண்டியது. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மாறாக, எழுதியதற்காகவோ நினைவுகூர்ந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவரை "இனி இப்படிச் செய்யமாட்டேன்" என்று கையெழுத்திடக் கேட்கும் நிபந்தனையை, என் மதிப்பீட்டில், எந்த முன்மொழிவிலும் நாமாக எழுதிக் கொடுக்கக் கூடாது.

நிபந்தனையற்ற பொதுமன்னிப்பு

ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுநாள், 1977 ஜனவரி 21ஆம் திகதி, இதைச் செய்தார். 1964 ஓகஸ்ட் 4 முதல் 1973 மார்ச் 28 வரையான காலத்தில் ஆட்சேர்ப்புச் சட்டத்தை மீறியவர்களுக்கு முழுமையான, நிபந்தனையற்ற மன்னிப்பு. விண்ணப்பம் இல்லை, பிரமாணம் இல்லை, சேவை இல்லை. பதிவே செய்யாதவர்களும் இதில் அடங்கினர். பலாத்காரம் அல்லது வன்முறை சம்பந்தப்பட்ட செயல்களுக்கும், ஆட்சேர்ப்பு முறைமையில் பணியாற்றியவர்கள் செய்த மீறல்களுக்கும் விலக்கு வைக்கப்பட்டது. அவ்வளவுதான்.

சொற்சிக்கனத்தில் இந்தப் பிரகடனம் ஒரு பாடம். தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, எந்தச் சட்டம், எந்தச் செயல் விலக்கு என்று நான்கே விடயங்கள். குறிப்பாக, விலக்கைக் குற்றச்சாட்டின் பெயரைக் கொண்டு வரையறுக்காமல் செய்த செயலின் தன்மையைக் கொண்டு வரையறுத்தது. நம் நிலைமைக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைத் திசைநாயகத்தின் வழக்கைக் கொண்டே பார்க்கலாம். அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று, இதழை நடத்தப் பணம் திரட்டியதைப் பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டியதாகக் கூறியது. "பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக" என்று ஒரு பொதுமன்னிப்பு எழுதப்பட்டால், ஒரு கல்லைக்கூட எறியாத அவரைப் போன்றவர் வெளியே நிற்பார். "உயிருக்கு அல்லது உடலுக்கு எதிரான வன்முறைச் செயல் நீங்கலாக" என்று எழுதப்பட்டால் அவர் உள்ளே வருவார். மிருசுவில் வழக்கின் குற்றவாளி வெளியே நிற்பார். முன்மொழிவு வரையும் இளைஞர்கள் எந்த வரியிலும் விட்டுக்கொடுக்கலாம், இந்த வரியில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சர்வதேச மனிதாபிமானச் சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. 1977ஆம் ஆண்டின் இரண்டாம் மேலதிக நெறிமுறையின் 6(5) பிரிவு, உள்நாட்டுப் போர் முடிந்ததும் இயன்றவரை விரிவான பொதுமன்னிப்பு வழங்க முயலுமாறு அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேட்கிறது. ஆனால் போர்க்குற்றங்களுக்கு அது பொருந்தாது என்பது சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் விளக்கம். இலங்கை அந்த நெறிமுறையில் தரப்பினர் அல்ல. ஆயினும் வாதத்துக்கு அது வலுச் சேர்க்கும்.

கார்ட்டரின் மன்னிப்புக்கும் மறைமுக விலை இருந்தது. படையில் சேர்ந்த பின் தப்பியோடியவர்களை அது தொடவில்லை. ஆட்சேர்ப்பைத் தவிர்த்தவர்களில் கல்வியும் வசதியும் உள்ள வெள்ளையினத்தவர் அதிகம். படையில் சேர்ந்து பின் விலகி, மோசமான விலகல் சான்றிதழோடு அலைந்தவர்களில் ஏழைகளும் கறுப்பினத்தவரும் அதிகம். மன்னிப்பு முன்னையவர்களுக்குக் கிடைத்தது. பின்னையவர்களின் சான்றிதழ்களை மீளாராயத் தொடங்கப்பட்ட திட்டத்தின் பயனை அதே ஆண்டிலேயே காங்கிரஸ் சட்டமியற்றிக் கட்டுப்படுத்தியது. நம் மாவட்டத்திலும் இந்த ஆபத்து உண்டு: கொழும்பில் பெயர் அறியப்பட்ட எழுத்தாளருக்காகப் பலர் குரல் கொடுப்பார்கள்; துண்டுப்பிரசுரம் வைத்திருந்ததற்காகப் பிடிபட்ட தம்பலகாமத்துக் கூலித் தொழிலாளிக்காக எவரும் கொடுக்கமாட்டார்கள். முன்மொழிவு பின்னையவரை மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டும்.

இங்குள்ள நடைமுறைத் தடை, 34ஆம் உறுப்புரை தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமானது என்பதே. வழக்குத் தொடரப்படாதவர்களையும் சேர்த்து ஒரே பிரகடனத்தில் விடுவிக்கும் அமெரிக்க முறை இங்கு ஜனாதிபதியின் கையொப்பத்தால் மட்டும் நடவாது. சட்டமா அதிபரின் முடிவோ பாராளுமன்றச் சட்டமோ கூடவே தேவைப்படும்.

தீர்ப்பையே நீக்கும் சட்டம்

இது மிக மெதுவான வழி, மிக முழுமையான வழி. நாசி ஆட்சியின் இராணுவ நீதிமன்றங்கள் ஏறத்தாழ 30,000 மரண தண்டனைகளை விதித்தன. போர் முடிந்தும் தப்பியோடியவர்கள் குற்றவாளிகளாகவே கருதப்பட்டனர். குடும்பங்களுக்கு இழப்பீடும் மறுக்கப்பட்டது. 1942இல் பிரான்சின் போர்தோ நகரில் ஜேர்மன் படையை விட்டு ஓடி, மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது குறைக்கப்பட்டது தெரியாமலே மாதக்கணக்கில் மரணக் கொட்டடியில் காத்திருந்த லுட்விக் பவுமான், 1990இல் தம்மைப் போன்றவர்களுக்காக அமைப்பொன்றைத் தொடங்கினார். 1998இல் நாசித் தீர்ப்புகளை நீக்கும் சட்டம் வந்தது. 2002இல் தப்பியோடியவர்கள் அதில் பொதுவாகச் சேர்க்கப்பட்டனர். போர்த் துரோகம் என்ற குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டவர்கள் 2009இல்தான் சேர்க்கப்பட்டனர். அறுபத்துநான்கு ஆண்டுகள். பவுமான் அதையும் பார்த்து, 2018இல் தம் தொண்ணூற்றாறாவது வயதில் இறந்தார். அவரோடு தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவில்லை.

மன்னிப்புக்கும் நீக்கத்துக்கும் இடையிலான தூரத்தைப் பிரித்தானியச் சட்டமொன்று அப்பட்டமாகக் காட்டுகிறது. முதலாம் உலகப் போரில் தப்பியோடல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 படையினருக்கு 2006ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சட்டத்தின் 359ஆம் பிரிவு மன்னிப்பளித்தது. அதே பிரிவு, இந்த மன்னிப்பு எந்தத் தீர்ப்பையும் தண்டனையையும் பாதிக்காது என்றும் கூறுகிறது. கௌரவம் திரும்பியது, தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

இலங்கைக்கு இந்த வழி முற்றிலும் அந்நியமானதல்ல. 1971 கிளர்ச்சியின் பின் அமைக்கப்பட்ட குற்றவியல் நீதி ஆணைக்குழுக்களுக்கான சட்டம் 1977இல் ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டது. ரோகண விஜேவீர உள்ளிட்டோர் வெளியே வந்தனர். ஆயுதக் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டவர்களுக்கே ஆறு ஆண்டுகளில் இது முடிந்ததென்றால், எழுதியவர்களுக்கும் ஊர்வலம் சென்றவர்களுக்கும் முடியாது என்பதற்குச் சட்டக் காரணம் சொல்வது கடினம். அரசியல் காரணம்தான் சொல்லலாம்.

வரையும்போது ஒரு பழைய தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும். 1962 சதிப்புரட்சி முயற்சியில் ஈடுபட்டவர்களைத் தண்டிப்பதற்கென்றே இயற்றப்பட்ட சட்டத்தை, லியனகே வழக்கில், அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் 1965 டிசம்பரில் செல்லாதென்று கண்டு தண்டனைகளை நீக்கியது. குறித்த மனிதர்களைக் குறிவைத்து எழுதிய சட்டம் நீதித்துறையின் அதிகாரத்துக்குள் நுழைகிறது என்பது காரணம். அது தண்டிப்பதற்கான சட்டம், நாம் பேசுவது விடுவிப்பதற்கானது. இன்றைய அரசியலமைப்பும் வேறு. ஆயினும் பெயர்ப்பட்டியலை இணைத்த சட்டமூலம் வீண் சர்ச்சைக்கு இடந்தரும். செயலின் வகை, காலம், சட்டப் பிரிவு ஆகியவற்றால் வரையறுப்பதே பாதுகாப்பானது.

வழக்கைச் சத்தமின்றிக் கைவிடுதல்

இது பொதுமன்னிப்பே அல்ல, ஆனால் நடைமுறையில் அதிகம் நிகழ்வது இதுதான். சட்டமா அதிபர் குற்றப்பகர்வை மீளப் பெறுகிறார், அல்லது பொலிஸார் மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதில்லை. தண்டனை இன்னும் வராதவர்களுக்கு இது விரைவானது. 2024 மே மாதம் சம்பூர்ப் பகுதியில் போரில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியதற்காகச் சிலர் கைதானதைப் போன்ற சம்பவங்களில், கோர வேண்டியது மன்னிப்பு அல்ல, இதுவே. தீர்ப்பு இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்பது இல்லாத குற்றத்தை நாமே எழுதிக் கொடுப்பதாகும். காரணம் பகிரங்கமாகச் சொல்லப்படாததும், பெற்ற விடுவிப்பு குற்றமற்றவர் என்ற விடுதலைக்குச் சமமா என்பது தெளிவற்றிருப்பதும் இதன் குறைகள். பின்னதை உங்கள் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரே பார்வையில்

| வழி | தீர்ப்பு | பெறுபவர் கொடுப்பது | காலம் | பொருந்துவது |
|---|---|---|---|---|
| தனிநபர் மன்னிப்பு | பதிவில் நிற்கும் | மேல்நிலைத் தீர்ப்புக்கான வாய்ப்பு | மாதங்கள் | சிறையில் இருப்பவர், முதியவர், நோயாளி |
| நிபந்தனை மன்னிப்பு | நிற்கும் அல்லது வராது | சேவை, பிரமாணம் அல்லது விண்ணப்பம் | குறித்த கால எல்லை | படையை விட்டு நீங்கி, ஆவணம் மட்டும் வேண்டுபவர் |
| நிபந்தனையற்ற மன்னிப்பு | பதிவில் நிற்கும் | எதுவுமில்லை | அரசியல் மாற்றத்தைப் பொறுத்தது | பெயரறியாத பலர் |
| நீக்கும் சட்டம் | நீங்கும் | காத்திருப்பு | ஆண்டுகள், தசாப்தங்கள் | தண்டனை முடித்தவர், இறந்தவரின் குடும்பம் |
| வழக்கைக் கைவிடுதல் | வராது | பகிரங்க நியாயம் | வாரங்கள் முதல் ஆண்டுகள் | விளக்கமறியலிலும் பிணையிலும் இருப்பவர் |

எதைத் தெரிவது

முன்மொழிவு வரைபவர்கள் நீக்கும் சட்டத்தைக் கோர வேண்டும் என்பதே என் முடிவு. நிபந்தனையற்ற பொதுமன்னிப்பை அதன் இடைக்கால ஏற்பாடாக மட்டும் கோரலாம். இரண்டையும் மாற்றாக வைத்தால் அரசு மலிவானதைத் தெரிந்துகொண்டு கோப்பை மூடிவிடும். அமெரிக்காவில் முதலாம் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் 1921 கிறிஸ்மஸ் வேளையில் தண்டனைக் குறைப்பில் வெளியே வந்தார். அதே போரை எதிர்த்துத் தண்டிக்கப்பட்ட மற்றவர்களுக்கான மன்னிப்புப் பிரகடனம் 1933 டிசம்பரில்தான் வந்தது. பிரபலமானவர் வெளியே வந்த பின் மற்றவர்களுக்கான அவசரம் குறைந்துவிடும் என்பதை அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் காட்டுகின்றன.

தனிப்பட்ட வழக்கோடு இருப்பவர்களுக்கு வேறு ஆலோசனை. மேன்முறையீடு நிலுவையில் இருந்தால், மன்னிப்பு மனுவுக்காக அதை மீளப்பெறச் சொல்லும் வாய்மொழி உறுதிகளை நம்பி நடக்க வேண்டாம். எந்த வடிவில், முழுமையானதா நிபந்தனையுள்ளதா என்பது தெரிந்த பின் முடிவெடுங்கள். எந்த வழியைத் தெரிந்தாலும், தீர்ப்பினதும் குற்றப்பகர்வுப் பத்திரத்தினதும் சான்றுப்படுத்திய பிரதிகளை நீதிமன்றப் பதிவாளரிடம் இப்போதே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்தத் திகதியில் செய்த எந்தச் செயலுக்காக வழக்குத் தொடரப்பட்டது என்ற மூன்று விவரங்களும் அதில்தான் இருக்கின்றன. எந்தப் பொதுமன்னிப்பு வந்தாலும், நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா வெளியே இருக்கிறீர்களா என்பதை அந்த மூன்றையும் வைத்தே தீர்மானிப்பார்கள்.